தாணுமாலயன் அண்ணாச்சி ஓட்டிய கப்பல்

தாணுமாலயன் அண்ணாச்சி கடலைத் திருச்செந்தூரில் ஒரே ஒரு தரம்தான் பார்த்தவர். அதிலும் கணுக்காலுக்கு மேலே தண்ணீரில் இறங்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் எண்பத்தெட்டாம் வருஷக் குற்றால சீசன் பூராவும் கப்பல் ஓட்டினார் என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்புவேன். பக்கத்தில் மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டு அந்தக் கண்றாவியை முழுசாகப் பார்த்தவள் நான்தானே.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி முதுகு போன ஆள் அவர். சீசனுக்கு மதுரைக்காரர் ஒருத்தர் வீடியோ கேம் பெட்டி ஒன்றை அருவிக்குப் போகிற வழியில் கொண்டுவந்து வைத்து, காவலுக்கு இவரை உட்காரவைத்தார். காசு போட்டால் திரையில் ஒரு கப்பல் வரும். கைப்பிடியைத் திருப்பி அதை ஓட்ட வேண்டும். தண்ணீருக்கு அடியிலிருந்து டார்பிடோ என்கிற குண்டு பாயும், மேலேயிருந்து விமானம் குண்டு போடும். பட்டதோ, ஊளைச் சத்தத்தோடு கப்பல் முங்கிப்போகும்.

அவருடைய ஒரே மகன் குத்தாலிங்கம் நேவியில் இருந்தான். அவன் கப்பல் சண்டை நடக்கிற இலங்கைப் பக்கம் போயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் தகவலே இல்லை. பயந்துபோய் அண்ணாச்சியும் அவர் சம்சாரம் இராமலட்சுமியும் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சாமி முன்னால் இரண்டு பொட்டலம்; ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் பையன் நல்லபடியாக வருவான். எடுத்துப் பிரித்தால் சிவப்பு.

"ஒரே காரியத்துக்கு ரெண்டாந்தரம் பூக்கட்டிக் கேக்கக்கூடாதே, பிச்சம்மா," என்று என் கடை முன்னால் நின்று சொன்னார்.

சாமியிடம் கேட்க முடியாததை அவர் பெட்டியிடம் கேட்டார். இந்தக் கப்பல் கரை சேர்ந்தால் மகனும் கரை சேருவான் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து கூட்டம் குறையும்போதெல்லாம் அவர்தான் கைப்பிடியைப் பிடித்தார். முதலில் டார்பிடோவைக் கண்டதும் விலகி ஓடினார். கப்பலின் விலாவில் வாங்கினார். பிறகு ஒரு சூட்சுமம் பிடிபட்டது.

"ஓடக்கூடாதுட்டி. அது வார திசைக்கு நேரா மூக்கத் திருப்பணும். கப்பல் ஒடுங்கித் தெரியும், குண்டு உரசாமப் போயிரும்."

விமானத்தைச் சுடுவதையும் விட்டுவிட்டார். சுடப்போனால் கவனம் கீழே இருக்காதாம். திரை ஓரமாகவே கப்பலை ஊர்ந்து போகவிட்டார். கப்பல் முன்னைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்தது. ஆனால் போகப்போக எல்லாம் வேகமாக வரும். ஒன்றைத் தப்பினால் நாலு. கடைசியில் அந்த ஊளைச் சத்தம். அவர் அப்படியே வேர்த்து விறுவிறுத்து நிற்பார்.

இராமலட்சுமி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? தெனமும் நீங்களே பெத்த பிள்ளைய முக்குதீங்களே!"

அவளும் அதை நம்பிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. சனியன் பிடித்த பெட்டி!

ஒரு நாள் பெட்டியைப் பழுது பார்க்க மெக்கானிக் வந்தான். அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, எவ்வளவு நேரம் ஓட்டுனா கரை வரும்?"

"கரையா? இதுல கரையே கிடையாது பெரியவரே. எப்படி ஓட்டுனாலும் கடைசில முங்கணும். முங்குனாத்தானே அடுத்த ஆள் காசு போடுவான்?" என்று சிரித்தான் அவன்.

அண்ணாச்சி முகத்தில் ரத்தமே இல்லை. மெக்கானிக் போனதும் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய ஓட்டினார். நாலு பக்கமும் டார்பிடோ. எனக்கு வந்ததே ஆத்திரம்! பழக்கூடையைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்ச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தேன். திரை இருண்டது.

"கப்பல் முங்கிச்சா? முங்கல்ல. சவத்த விட்டுட்டுப் போயி சாப்பிடுங்க அண்ணாச்சி," என்று கத்தினேன்.

அவர் வெகுநேரம் அந்த ஸ்விட்சையே பார்த்தார். அதன்பிறகு தினமும் ஓட்டுவார். முங்குவதற்குள் தானே எட்டி அணைப்பார். அணைத்தபிறகுதான் சோறு இறங்கும்.

சாரல் ஓயும் நேரத்தில் ஒரு நாள் குத்தாலிங்கம் முன்னால் வந்து நின்றான். கறுத்து, இளைத்து, முழுசாக. இராமலட்சுமி நடுரோடு என்றும் பாராமல் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். கூடை நிறையப் பழம் கொடுத்தேன்.

பையன் பெட்டியைப் பார்த்ததும் ஆசையாகக் கைப்பிடியைப் பிடித்தான். அப்பா சொல்லாமலே டார்பிடோவுக்கு நேராக மூக்கைத் திருப்பினான். இரண்டு உரசிப் போயின. மூன்றாவது பாய்ந்து வரும்போது அண்ணாச்சி விழுந்தடித்து ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

"ஏன்ப்பா அணைச்சீங்க? தப்பிச்சிருப்பேன்லா."

"தப்பிச்சிருவலே. எனக்குப் பாக்கத் தெம்பு இல்ல."

லீவு முடிந்து அவன் கிளம்பியபோது தென்காசி ஸ்டேஷனுக்கு நானும் போனேன். மறுபடியும் அதே கப்பல்தான் என்றான். கொல்லம் ரயில் செங்கோட்டைப் பக்கம் திரும்பி மறைகிறவரை அண்ணாச்சி கை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி பிச்சம்மா, அந்தக் கப்பலுக்கு ஸ்விட்சு எங்கன இருக்குன்னு அவன்ட்ட கேக்காம விட்டுட்டேனே."