மைனஸ் ஒரு டொபி

இஞ்சி டொபியின் தாளைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்தக் காரம்தான் எனக்கு மின்சாரத்தின் வாசனை. மற்றவர்களுக்குக் கருகிய வயர் ஞாபகம் வரும். எனக்கு இஞ்சி. ஏன் என்று சொல்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம்.

1. அழிரப்பர்

ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் என் பாதி ஆயுள் போயிருந்தது. ஒரு நாள் அங்கே கலர் சோர்ட்டர் வந்து இறங்கியது. தூள் மழை மாதிரிக் கொட்டும். அதற்குள் காம்பை மட்டும் தேடிப் பிடித்துக் காற்றால் ஊதித் தள்ளும். நாற்பத்தைந்து வயதில் ஒரு மெஷின் மேல் ஆசைப்படுவது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான். ஆசைப்பட்டேன். ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"எலக்ட்ரோனிக்ஸ் பேசிக் கோர்ஸ பாஸ் பண்ணிட்டு வா, மெஷின் ஒன் கையில. இல்லாட்டி கண்டியிலருந்து ஒருத்தன் வருவான், நீ பழையபடி மாடிக்கு ஏறு."

யட்டவத்தையில் சனி, ஞாயிறு வகுப்பு. ஸாஹிரா மிஸ் படிப்பித்தார். என்னை விட மிகவும் இளையவர். எல்லாரையும் அண்ணன், நானா என்றே கூப்பிடுவார், பிழை விட்டால் மட்டும் பெயரையும் சேர்ப்பார். என் பெயர் அந்த அறையில் அடிக்கடி கேட்டது.

என்னை மடக்கியது ஒரே ஒரு கணக்கு. பன்னிரண்டு வோல்ட் பெட்டரி ஒன்று, ஆறு வோல்ட் பெட்டரி ஒன்று. இரண்டும் ஆளுக்கு இரண்டு ஓம் தடை வழியாக ஒரே ஜங்ஷனுக்கு வருகின்றன. ஜங்ஷனிலிருந்து கரண்டைச் செலவழிக்கும் நாலு ஓம் லோட். எந்தப் பெட்டரி எவ்வளவு கரண்ட் கொடுக்கிறது? திசை தெரியாது. அதனால் இரண்டும் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அம்புக்குறி போட வேண்டும். போட்டேன். ஆறு வோல்ட்டுக்கு விடை மைனஸ் பொய்ன்ட் ஆறு அம்பியர்.

அழித்தேன். திரும்பப் போட்டேன். திரும்பவும் மைனஸ்.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் மைனஸ் என்றால் கிலோ வெட்டு. கொழுந்து ஈரம் என்று தராசடியில் கழிப்பார்கள். கழித்தால் அது உன் குற்றம். ஆகவே மைனஸைக் கண்டால் என் கை தானாக அழிரப்பரைத் தேடும். மகளுடையது, ஸ்ட்ரோபெரி வடிவம். அந்தப் பருவத்தில் அது ஒரு கடலை அளவுக்குத் தேய்ந்தது.

"சேவியர் அண்ணே, அழிக்காதீங்க. கரண்ட் மறுபக்கம் போகுதுன்னுதான் மைனஸ் சொல்லுது. விடை சரி."

தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் அழித்தேன்.

2. சாவி கல்யாணத்துக்குப் போன நாள்

செய்முறைப் பரீட்சை அன்று போர்ட், மீட்டர், பெட்டரி எல்லாம் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி ஸ்டோர்காரரிடம். அவர் வில்கமுவையில் ஒரு கல்யாண வீட்டில். மிஸ் போன் பண்ணியபோது மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் ஆறுதல் சொன்னாராம்: சாவி சட்டைப் பைக்குள் பத்திரமாக இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம், அடுத்த பஸ் பின்னேரம்தான்.

பரீட்சகர் மாத்தளையில் நின்று தேநீர் கூடக் குடிக்காமல் வந்தவர். அவர் கேட்டது மூன்று: ஒரு சேர்க்கிட், அதன் ரீடிங், ரீடிங்கோடு ஒத்துப்போகும் கணக்கு. இல்லாவிட்டால் யாருக்கும் பாஸ் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கண்டிக்காரன் அடுத்த வருஷம் வரை காத்திருக்க மாட்டான். மாடிப்படி என் கண் முன்னால் நீண்டது.

மிஸ் எங்களைப் பார்த்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளைப் பார்த்தார். கென்டீனுக்கு ஆள் அனுப்பி ஒரு பெக்கட் இஞ்சி டொபி வாங்கினார்.

"சேர்க்கிட் ஆளுங்களால இருந்தா பரவால்லையா சார்?"

பரீட்சகர் தன் அறிவுறுத்தல்களை நெடுநேரம் படித்தார். வயரால் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லையாம்.

மாத்தளையில் ரேடியோ கடை வைத்திருக்கும் நவ்ஷாட் நானாவுக்கு, உடம்பைப் பார்த்துப் பன்னிரண்டு வோல்ட் கிடைத்தது. எனக்கு ஆறு. கதிரைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் ஓம். நடுவில் ஜங்ஷனாக நிரோஷா. தையல் ஃபெக்டரியில் வேலை செய்கிற, வாய் ஓயாத பிள்ளை. ஒரு டொபி பொய்ன்ட் ஆறு அம்பியர். ஒரு கையால் வாங்கு, மறு கையால் கொடு, கடைசியில் எல்லாம் நானாவிடமே திரும்ப வேண்டும்.

"பாதி வோல்ட்தானே சேவியர், கவலப்படாதீங்க. நான் சார்ஜ் பண்ணி விடுறேன்" என்றார் நானா.

மீட்டரும் அலுமாரிக்குள். அதனால் பரீட்சகரே கரண்ட் அளக்கும் அம்மீட்டர் ஆக வேண்டியிருந்தது. அவர் சுவரோரம் நின்று பார்க்கத்தான் நினைத்தார். மிஸ் மரியாதையாகத் தடுத்தார்.

"அம்மீட்டர் வெளிய நிக்க ஏலாது சார். லைனுக்குள்ள வரணும்."

அவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு லோட் லைனுக்குள் நின்றார்.

நானா நாலு டொபியை நிரோஷாவிடம் தள்ளினார். மூன்று பரீட்சகர் பக்கம் போயின. நான் கொடுப்பதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நாலாவது டொபி என் கையில் விழுந்தது. திருப்பித் தள்ளினேன். திரும்ப வந்தது.

"அண்ணே, பன்னண்டு தள்ளுறப்போ ஆறு என்னா செய்யும்? சும்மா வாங்குங்க" என்றாள் நிரோஷா.

வாங்கினேன். உள்ளங்கையில் அந்த டொபி ஒரு சின்ன வெப்பம் மாதிரி இருந்தது. தராசு இல்லை, வெட்டு இல்லை, ஏச்சு இல்லை. வந்த வழி வேறு, அவ்வளவுதான். மறு கையால் அதை நானாவுக்கு அனுப்பிவிட்டு எழுதினேன்: மைனஸ் ஒன்று.

3. மீட்டரின் கன்னம்

"என் லைன்ல ரெண்டு" என்று அறிவித்தார் பரீட்சகர்.

ஜங்ஷனுக்கு வந்தது நாலு, என் பக்கம் ஒன்று, லோட் பக்கம் இரண்டு. வந்ததும் போனதும் ஒத்துப்போகவில்லை. நானாவும் எண்ணிப் பார்த்தார். அவரிடம் திரும்பியது மூன்றுதான். பரீட்சகர் என் தாளில் விரலை வைத்தார்.

"பிழை இங்கதான். ஒங்களுக்கு மைனஸ் ரெண்டு வரணும். திருத்துங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஸ்ட்ரோபெரி விரலில் பட்டது. திருத்தினால் பாஸ், மெஷின், எல்லாம். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னம் புடைத்திருந்தது. அங்கிருந்து இஞ்சி மணத்தது.

"எனக்கு ஒண்ணுதான் சார் வந்திச்சு. ஒங்களுக்கு மூணு. மத்தது ஒங்க கன்னத்துல நிக்குது."

நானாவின் வயிறு மட்டும் குலுங்கியது. மிஸ் ஜன்னல் வழியே யட்டவத்தை முழுவதையும் பார்த்தார். பரீட்சகர் அவசரமாக மென்று விழுங்கினார்.

"காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல்ல" என்றார் மெதுவாக. பிறகு பழைய குரலில், "நல்ல மீட்டர் லைன்லருந்து ஒண்ணும் எடுக்கக்கூடாது. மூணுன்னு போடுங்க. மைனஸ் ஒண்ணு இருந்தபடியே இருக்கட்டும்."

எல்லாருக்கும் பாஸ்.

நாங்கள் வெளியே வந்தபோது வில்கமுவை பஸ்ஸிலிருந்து ஸ்டோர்காரர் இறங்கி, சாவியை உயர்த்திக் காட்டியபடி ஓடி வந்தார். நான் மிஸ்ஸிடம் விடைபெற்றேன். திங்கட்கிழமை மெஷினுக்கு முன்னால் நிற்கப்போகிறேன், பயமாக இருக்கிறது, எடுத்த எடுப்பிலேயே அம்புக்குறியைப் பிழையாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"போட்ட பக்கமே கடைசி வரைக்கும் போங்க, பக்கம் மாறினா மைனஸே சொல்லும்" என்றவர் கையை நீட்டினார். "அந்த அழிரப்பர மட்டும் இங்க தந்துட்டுப் போங்க, சேவியர் அண்ணே."