மதிய ஷிப்டை விட்டுவிட்ட கணக்கு

எங்கள் சித்தூர் சபையில் டெபோராவைப் பற்றிப் பெருமையடிக்காத ஆளில்லை. அதில் அவளைப் பெற்ற நைனா ஜெபதாஸ்தான் முதல் ஆள். திருப்பதிப் பக்கம் மின்விசிறி செய்யும் கம்பெனியில் அவள் டிசைன் இன்ஜினியர். புது மாடல் வரைபடமாக இருக்கும்போதே அது எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்ல வேண்டும். விசிறியைச் சுழற்றும் தண்டுகள் மெஷினில் கடைந்து வரும்போது எல்லாம் ஒரே கனத்தில் இருக்காது. மயிரிழை கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கணக்கு.

அறுப்புப் பண்டிகைக் காணிக்கைக்குச் சொத்தை, கீறல் இல்லாத காயாகப் பொறுக்கியெடுக்கிற குடும்பம் அது. அந்தக் கைப்பழக்கத்தை ஆபீசுக்கும் கொண்டுபோய்விட்டாள் மகராசி. மதிய ஷிப்டில் மெஷின் சூடேறி, தண்டு மெலிந்து வந்த அளவுகள் அவள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி, பத்து வருஷம் உழைக்கும் என்று எழுதிக் கொடுத்தாள்.

சோதனைக்காகச் செய்த முதல் விசிறிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, முதற்பலனாகக் கோயிலுக்குக் கொடுத்தாள். பிரசங்க பீடத்துக்கு மேலே மாட்டினோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிறு, போதகர் வாயைத் திறந்ததும் அதுவும் கடகடவென்று பிரசங்கம் பண்ண ஆரம்பித்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெபதாஸ் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

"வோல்டேஜ் சரியில்லைங்க" என்றார் சபையைப் பார்த்து.

டெபோரா தலை நிமிரவில்லை. மெலிந்த தண்டு ஆடுகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா? வெட்கத்தில் காது மடல்வரை சிவந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஜெபதாஸ் அவளைப் பிடித்துக்கொண்டார். "இன்னாத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? கரண்டு பண்ற வேலை அது."

"கரண்டு இல்ல நைனா. நான் போட்ட கணக்கு தப்பு."

"மெதுவாப் பேசு. வேற ஃபேன் மாட்டிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"நாளைக்கு இதே மாடல் ஃபேன் லாரி லாரியா நாயுடுபேட்டைக்கு விக்கப் போவுது நைனா."

அவள் அங்கேயே நின்று மேனேஜர் புருஷோத்தமனுக்குப் போன் போட்டாள்.

"சார், லாரிய அனுப்பாதீங்க. மதிய ஷிப்ட் அளவையெல்லாம் நான்தான் வேணும்னே தள்ளிட்டேன். அதச் சேத்தா பத்து வருஷம் வராது சார்." நாங்கள் காதில் விழாதவர்கள் போல செருப்பைத் தேடினோம். பெருமையடித்த எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

போதகர் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "கரண்டு ஆபீசுல நான் சொல்லட்டுமா?" என்று ஜெபதாஸிடம் கேட்டார்.

ஜெபதாஸ் மகளைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"வேணாங்க ஐயா. தப்பு எங்க வூட்டுது."