கேலிக்கு விழுந்த அடி

வேஷம் கட்டிய பிறகுதான் நான் செஞ்சிக்காரன். அரிதாரம் பூசாத முகத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஆட்டோக்காரர்கள் இங்கிலீஷில் கோட்டைக்குக் கூப்பிடுவார்கள். பிறந்ததே இந்த ஊரில்தான் என்று தமிழில் சொன்னால், தமிழ் எங்கே கற்றுக்கொண்டேன் என்று அதற்கும் ஆச்சரியப்படுவார்கள். எரிச்சலாக வரும்.

அம்மா பிரான்சுக்காரி. நடனம் படிக்கப் பாண்டிச்சேரிக்கு வந்தவள், ஒரு கூத்தைப் பார்த்துவிட்டு மத்தளக்காரரைக் கட்டிக்கொண்டு செஞ்சியிலேயே தங்கிவிட்டாள். அந்த மத்தளக்காரர்தான் என் நைனா. நிறமும் பூனைக்கண்ணும் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தன. நைனாவிடமிருந்து வந்தது குரல் மட்டும். பாண்டிச்சேரியில் அம்மாவின் நாடகச் சிநேகிதர்களுக்கு நான் அசல் கிராமத்துக் கலைஞன். பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஜமா என்று நாங்கள் சொல்லும் எங்கள் கூத்துக் குழுவிலோ, வெள்ளைக்காரி மகனுக்கு ராஜா வேஷமா என்ற முணுமுணுப்பு ஓயவில்லை.

கூத்தில் ஒரு முறை உண்டு. வேஷக்காரன் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் கட்டியக்காரன், அதாவது கோமாளி, நீ யார், எந்த தேசம், யார் மகன் என்று கேட்பான். ராஜா தன் வம்சத்தைப் பாடிச் சொல்ல வேண்டும். நடுநடுவே கட்டியக்காரன் கேலி செய்வான். ஒவ்வொரு கேலி முடியும்போதும் மத்தளத்தில் ஓர் அடி விழும். அந்த அடி விழுந்தால்தான் ஜனம் சிரிக்கும்.

சிங்கவரத்தில் முதன்முதலாக ராஜா வேஷம் கட்டினேன். ஜனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டோம். திரை விலகியதும் கட்டியக்காரன் என் முகத்தருகே குனிந்து பார்த்தான்.

"மூஞ்சிக்கு செவப்பு பூசிக்கினே சரி, கண்ணுக்கு இன்னா பூசுவே? உன்ன பெத்தவன் யாருய்யா?"

பின்னால் மத்தளத்தில் நைனாவின் அடி விழுந்தது. கச்சிதமான அடி. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் அம்மாவும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் எல்லோரும் அவளைத்தான் பார்த்திருப்பார்கள். நான் பாட்டைப் பாடி முடித்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நைனா பக்கத்தில் வந்து நின்றார்.

"வேணும்னு அடிக்கலடா. கை பழக்கம்."

"ஒரு தபா கை தவறுனா இன்னா ஆயிடும் நைனா?"

அவர் மத்தளத்தை எடுத்து உறைக்குள் போட ஆரம்பித்தார். தாளம் தப்பாத கை என்று இந்தப் பக்கமெல்லாம் பேர் வாங்கியவர். அந்தப் பேரைவிட நான் சின்னவனாகப் போய்விட்டேனே என்று எனக்கு அழுகையாக வந்தது.

நல்ல சிரிப்பு கிடைத்த கேலியைக் கட்டியக்காரன் விடுவானா? அடுத்து பனமலையிலும் அதையே எடுத்தான். பெத்தவன் யார் என்று கேட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்து அடிக்காகக் காத்து நின்றான். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். நைனா இரண்டு கைகளையும் மத்தளத்தின் மேல் அப்படியே வைத்திருந்தார். ஆர்மோனியக்காரர் அவரைப் பார்த்தார். ஜனம் சிரிக்காமல் என்னையே பார்த்தது. கேலியாகப் போயிருக்க வேண்டியது இப்போது நிஜமான கேள்வியாக நின்றது. எனக்கு ராஜாவின் வம்சமே மறந்துபோயிற்று.

அப்போது பின்னாலிருந்து நைனாவின் குரல் கேட்டது. பெஞ்சை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

"எம் புள்ளதான். மேல கேளு."

குரல் நடுங்கியது. அதுவும் கூத்தில் சேர்த்தி என்று நினைத்து ஜனம் கைகொட்டிச் சிரித்தது.