கூட வராத சீட்டு

நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே ஜூலியட் கணினித் திரையைப் பார்ப்பாள். ஒரு கிள்ளு, ஒரு பார்வை. நொச்சிக்குப்பத்து மீன் சுத்தமாவதற்குள் நிரலில் பாதிப் பிழைகள் கண்ணில் பட்டுவிடும். விசைப்பலகையில் சுண்டுவிரல் மட்டும்தான் படும்; அதில்தான் செதில் ஒட்டாதாம்.

சாந்தோமில் வீட்டிலிருந்தபடியே வேலை. நோயாளிகளை அவரவர் வீட்டில் கவனித்துக்கொள்ளப் பெண்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறாள். ஒவ்வொரு நோயாளியின் அட்டவணையும் அதில் மரம்போலக் கிளை பிரியும்: உணவு, அதன்கீழ் காலை, அதன்கீழ் காப்பி. பெண்கள் எழுதும் குறிப்புகள் அந்தந்தக் கிளையில் சீட்டாகத் தொங்கும். மாதம் பிறந்தால் பழைய அட்டவணையைப் பிரதி எடுத்துத்தான் புதியது போடுவார்கள். கிளையைப் பிரதி எடுத்தால் சீட்டு தானாகக் கூட வராது. வரச்சொல்லித் தனியாக எழுத வேண்டும். முன்பு அப்படி எழுதியிருந்ததை ஜூலியட் வேண்டுமென்றே எடுத்துவிட்டாள். ஒருவர் அட்டவணையைப் பிரதி எடுத்து அடுத்தவருக்கு வைத்தபோது, முன்னவரின் இன்சுலின் குறிப்பும் ஒட்டிக்கொண்டு போனது, போன மாதம். அன்றிலிருந்து, "எந்தச் சீட்டும் எங்கயும் போகக் கூடாது" என்பது அவள் சட்டம்.

ஒருநாள் மாலை பாஞ்சாலி போன் செய்தாள். மயிலாப்பூரில் ரகுபதியை ஆறு மாதமாகப் பார்த்துக்கொள்பவள். மறுநாள் முதல் அவளுக்குச் சைதாப்பேட்டைக்கு மாற்றல். ரகுபதிக்குப் பக்கவாதம். வெறும் தண்ணீர்கூடப் புரையேறும்; எதையும் கெட்டியாக்கும் பவுடர் கலந்துதான் கொடுக்க வேண்டும்.

"இன்னாக்கா, புது மாச சார்ட்ல நான் எழுதுனது ஒண்ணுமே காணோம்? காப்பில பவுடர் கலந்து கெட்டியா குடுக்கணும்னு எழுதி வெச்சேனே. நாளைக்கு வர்ற பொண்ணுக்கு எப்டித் தெரியும்? மூச்சு அடைச்சிக்கினா இன்னா பண்ணுவ?"

"நான்தான் பூட்டு போட்டேன், பாஞ்சாலி."

"நல்லா போட்ட போ. ஒடச்சி வுடு."

ஜூலியட் எழுந்து கையைக் கழுவினாள். வேலைக்கு நடுவில் அது அபூர்வம். பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு சீட்டிடமும் கேட்கும்படி எழுதினாள்: அதே நோயாளிக்கா, வேறு ஆளுக்கா? அதே ஆளென்றால் கூட வா, வேறு ஆளென்றால் நில். ஏழு மணிக்குப் புது அட்டவணையில் காப்பிக்குக் கீழே பாஞ்சாலியின் வரி வந்து உட்கார்ந்தது. "வந்துடுச்சு" என்று மிச்ச மீனிடம் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே ரகுபதியின் மனைவி கதவைத் திறந்தபோது, ஜூலியட் வாசலில் நின்றாள். நேராகச் சமையலறைக்குப் போய், அவருடைய காப்பிக் கப்பின் காதில் 'பவுடர்' என்றெழுதிய சீட்டை நூலால் கட்டினாள்.

புதுப் பெண் தமிழ்நிலா வந்தாள். "பவுடர் கலக்கணும், போன்லயே சார்ட்டைப் பார்த்துட்டேன்க்கா" என்றபடி அலமாரியிலிருந்து வேறொரு டம்ளரை எடுத்தாள்.

ஜூலியட் அவள் எடுக்காமல் விட்ட கப்பிலிருந்து சீட்டை அவிழ்த்து, ரகுபதியின் கட்டில் கம்பியில் கட்டினாள்.