கத்தாத குட்டி

நாய்க்குட்டி தெரிந்தெடுப்பதில் எங்கள் மாமாவை மிஞ்ச அடம்பன் ஊர்ப்பக்கத்தில் ஆளில்லை. இதை அதிகம் சொன்னவர் மாமாதான். குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்குவார். கத்தினால் கோழை என்று இறக்கிவிடுவார். கத்தாமல் தொங்கினால் அதுதான் பன்றி வேட்டைக்கு. அரசாங்கக் கச்சேரியை ஆளும் வெள்ளைக்காரத் துரை வேட்டைக்கு வரும்போதெல்லாம் மாமாவின் நாய்களைத்தான் கேட்பார். ஆகவே அந்தச் சோதனையை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அப்படி எடுத்த கபில நிறக் குட்டி ஒன்றை, வளரும்வரை பார்த்துக்கொள் என்று என்னிடம் தந்தார்.

"தூக்கினன், ஒரு சத்தம் இல்லை. இவன் வீரன்," என்றார்.

வீரன் என்றே கூப்பிட்டேன். அவன்மேல் எனக்கு உயிர். வேலிவரை ஓடுவான், பிறகு இருமிக்கொண்டு படுத்துவிடுவான். மடியில் வைத்து நெஞ்சைத் தொட்டால் உள்ளே திரிகை சுற்றுவதுபோல ஓயாமல் அதிரும். வெளியே விடாமல் அடக்கி வைத்திருக்கும் உறுமல் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறக்கும்போதே இதயத்தில் மூடாமல் விட்ட வழியால் இரத்தம் பாயும் அதிர்வு அது என்று, வெகுகாலம் கழித்து ஒரு மிருக வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன்.

அறுவடை முடிந்ததும் துரை வருகிறார் என்று மாமா குட்டியைக் கூட்டிப்போக வந்தார்.

"மாமா, இவன்ர உறுமலைத் தொட்டுப் பாருங்கோ," என்றேன்.

தொட்டார். பிறகு குனிந்து காதையும் வைத்தார். நிமிர வெகு நேரமாயிற்று.

"இவன் காட்டுக்கு வேண்டாம், பிள்ளை. உனக்குக் காவலாய் இருக்கட்டும். நீ ஓடினால் இவனும் ஓடுவான். நீ மெல்ல நட."

"துரை கேட்டால்?"

"துரைக்கு வேற நாய் இருக்கு."

கால் தரையில் பாவாத நான் அன்றிலிருந்து ஆற அமர நடந்தேன். பெண்பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டதென்று அம்மா வைரவருக்கு வடைமாலை சாத்தினார். அதில் ஒரு வடை வீரனுக்கும் கிடைத்தது.

மாரி தொடங்கிய ஒரு காலை அவன் என் பாயருகில் படுத்தபடியே கிடந்தான். எழும்பவில்லை. நான் அழுதுகொண்டு மாமாவிடம் ஓடினேன்.

"கத்தவே இல்லை, மாமா."

"ஓம், பிள்ளை. வீரன்தானே," என்றார். மண்வெட்டியை எடுத்துத் தானே குழி வெட்டினார்.

நாய் அடுத்த ஈற்றுப் போட்டதும் குட்டி எடுக்க நானும் கூடப் போனேன். மாமா ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஒன்று தொங்கியபடி சும்மா இருந்தது. அதைப் பதறி இறக்கிவிட்டார். தூக்கியதும் ஊரைக் கூட்டிய ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அது கத்தியது. இவ்வளவு பெரிய வேட்டைக்காரர் போயும் போயும் ஒரு கோழையை எடுத்துவிட்டாரே என்று அவருக்காக நான் வெட்கப்பட்டேன்.