கடிச்ச நாய்க்கு காவல் இருந்தவ

காவேரிக்கு பேய்ன்னா பயமில்ல, பாம்புன்னா பயமில்ல, மாமியாக்காரிய கூட ஒரு பொருட்டா மதிச்சதில்ல. நாய்ன்னா மட்டும் ஈரக்கொல நடுங்கும். தலையில தயிர்ச்சட்டிய வச்சிகிட்டு பாகலூருக்கு விறுவிறுன்னு நடந்து போறவ, தூரத்துல ஒரு நாய் வாலு தெரிஞ்சா போதும், நட்ட கல்லு மாதிரி நின்னுடுவா. பார்க்கறவங்க சிரிப்பாங்க. சிரிக்கறதுக்கு என்ன, பல்லு இருந்தா போதும். அவ கண்டத அவங்க காணல.

அவளுக்கு எட்டு வயசு இருக்கும்போது அஞ்செட்டி பக்கம் மாடு மேய்க்கப் போன அவங்கப்பன ஒரு நாய் கடிச்சிட்டுது. கூட இருந்தவங்க அந்த நாய அங்கயே கல்லால அடிச்சி கொன்னுட்டாங்க. கொன்னாச்சி, தொல்ல தீந்துதுன்னு காயத்துல மொளகாப்பொடிய அப்பிகிட்டு வூட்டுக்கு வந்தான் மனுசன். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தான். அப்பறம் ஒரு நா காலையில தண்ணிச் சொம்ப வாய்கிட்ட கொண்டு போனான், கழுத்து கோணிகிச்சி. அவன மாட்டுக் கொட்டாயில போட்டு கட்டிட்டாங்க. உள்ள போகாதடின்னு அம்மாக்காரி சொன்னா. காவேரி படல் சந்துல கண்ண வச்சி பார்த்தா. அப்பன் அவ பேரச் சொல்லி கூப்ட்டான். அந்தக் குரலு அப்பன் குரலாவே இல்ல. மூணா நாளு அடங்கிட்டான்.

அந்தக் காவேரிதான் பாகலூருக்கு கிட்ட ஒரு சின்ன ஊர்ல ஆஞ்சப்பனுக்கு வாக்கப்பட்டு, ரெண்டு எருமைய வச்சி தயிர் வித்து பொழச்சிகிட்டிருந்தா. வெள்ளக்காரன் போயி ஏழெட்டு வருசம் ஆயிருக்கும். ருக்மணின்னு மூணு வயசுல ஒரு பொண்ணு, எந்நேரமும் அம்மா இடுப்புல தொத்திகிட்டிருக்கும்.

ஊர் முக்குல கங்கப்பன் வூடு. நெலம் நீச்சு உள்ளவரு, எல்லாரும் கவுடருன்னுதான் கூப்டுவாங்க. அவருகிட்ட கன்னுக்குட்டி ஒசரத்துக்கு ஒரு நாய். பெங்களூர்ல ஏதோ தொர பங்களாவுல பொறந்ததாம், அதனால அதுக்கு பேரே தொரை. வூட்டு ஆளுங்களுக்கு களி, தொரைக்கு பாலும் சோறும். ஆட்டத் தொரத்தும், சைக்கிள்ல வந்த தபால்காரன வேலிக்குள்ள தள்ளும். ஊர்ல நாலு பேரு போயி கேட்டப்பறம், அடங்காத மாட்டுக்கு கட்டற மாதிரி அது கழுத்துல தொண்டுக்கட்டை கட்டினாரு. ஒரு மொழ நீளத்துக்கு வேலங்கட்டை, கயித்துல தொங்கும். நடந்தா முட்டியில டொக்கு டொக்குன்னு இடிக்கும். ஓட முடியாது.

காவேரிக்கு அந்த சத்தந்தான் வழி காட்டி. முக்குக்கு வந்ததும் நின்னு காத தீட்டுவா. டொக்கு எந்தப் பக்கம் கேக்குதோ, அதுக்கு எதிர்ப்பக்கமா போவா.

கவுடரு வாசல்ல நின்னா, "அது ஒண்ணும் பண்ணாது, நீ வா"ம்பாரு. நாய் வளக்கறவங்க எல்லாரும் சொல்ற பேச்சு இது. அவங்களத்தான் அது ஒண்ணும் பண்றதில்ல.

கவுடரு பொண்ணுக்கு மைசூர் பக்கத்துல இருந்து சம்பந்தம் வந்துச்சி. பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கி, வாசல்ல நாய் கட்டையும் கயிறுமா நின்னா மருவாதியில்லன்னு அவருக்கு தோணிபோச்சி. கட்டைய அவுத்து, தொரைய குளிப்பாட்டி நிறுத்திட்டாரு. மனுசனுக்கு பெரும வந்துட்டா கண்ணு போயிடும்.

காவேரி முக்குல நின்னா. காத தீட்டினா. டொக்கு இல்ல. நாய் கொல்லையில இருக்கும்னு நெனச்சி நாலு எட்டு வச்சா. பின்னால மூச்சு கேட்டுது. திரும்பறதுக்குள்ள கெண்டக்கால கவ்விடிச்சி. சட்டி ஒடஞ்சி தயிரெல்லாம் மண்ணுல. அவ கத்தக்கூட இல்ல. கவுடரு ஓடி வந்து நாய இழுத்தாரு. வாயில வந்த மொதப் பேச்சு என்ன தெரியுமா?

"நீ ஏன் ஓடின?"

"நான் எங்க கவுடரே ஓடினேன்? நின்ன எடத்துலயேதான் நிக்கறேன்."

"உன் பயத்தப் பார்த்துத்தான் அது கடிச்சிது."

காவேரி காலப் பார்த்தா. நாலு பல்லு எறங்கியிருக்குது. கண்ணு முன்னால படல் சந்து.

மொளகாப்பொடி எடுத்துகிட்டு வந்த பொம்பளைங்கள தள்ளிவுட்டுட்டு, ஆஞ்சப்பனோட பஸ் ஏறி ஓசூர் ஆஸ்பத்திரிக்கு போனா. டாக்டரு வயசான ஆளு. சோப்பு போட்டு ரொம்ப நேரம் கழுவினாரு. கழுவிகிட்டே கேட்டாரு.

"நாய் யாருது, தெரியுமா?"

"தெரியும் சாமி. ஊர்ல பெரிய மனுசன் நாயி."

"உயிரோட இருக்குதா?"

"இருக்குது."

"அத யாரும் அடிக்கக் கூடாது, அவுத்து விடவும் கூடாது. பத்து நாள் கட்டி வச்சி பாருங்க. பத்தாம் நாளும் தின்னுகிட்டு, தண்ணி குடிச்சிகிட்டு நல்லா இருந்துச்சின்னா உனக்கு ஒண்ணுமில்ல. நடுவுல செத்தாலோ, காணாமப் போனாலோ, நோவு மாதிரி தெரிஞ்சாலோ அன்னிக்கே ஓடி வா. தொப்புள சுத்தி பதினாலு ஊசி போடணும். நாள் தள்ளினா ஊசியும் உதவாது."

பஸ்ஸுல வரும்போது அவ பத்துன்னு வெரல மடக்கினா. அப்பன கடிச்ச நாய அன்னிக்கே கொன்னாங்களே. அது வெறி நாயா, நல்ல நாயான்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாம போச்சே.

வூட்டுக்கு வந்ததும் ஆஞ்சப்பன் சும்மா இருந்தானா? தடியோட மூணு பேர சேத்துகிட்டு கவுடரு வூட்டுக்கு கெளம்பிட்டான். ஆம்பளைங்க கையில தடி வந்துட்டா மூளைய எங்கயோ கழட்டி வச்சிட்டுத்தான் வருவானுங்க. காவேரி நொண்டிகிட்டே ஓடினா. கவுடரும் நாய வுட்டுக்குடுக்கற மாதிரிதான் நின்னாரு. செத்தா பேச்சு முடிஞ்சிடும், சம்பந்தி காதுக்கு போவாதுன்னு கணக்கு.

"தடிய கீழ போடு."

"கடிச்ச நாய்க்கு வக்காலத்தாடி?" ஆஞ்சப்பன் மொறச்சான்.

"அது செத்தா நானும் செத்தேன்னு வச்சிக்க. டாக்டரு சொன்னது உன் காதுல ஏறலியா? பத்து நாளு அது எனக்கு உசுரோட வேணும்."

கவுடரு பக்கம் திரும்பினா. "கயிறு வேணாம், கடிச்சி அத்துக்கும். வண்டிச் சங்கிலி போட்டு கட்டுங்க. தெனம் ரெண்டு வேள நான் வந்து பாப்பேன்."

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"கட்டைய அவுத்தது யாரு கவுடரே?"

கவுடரு பின்கட்டு புங்கமரத்துல தொரைய சங்கிலியில கட்டினாரு.

அன்னிக்கி இருந்து காவேரி பட்ட பாடு இருக்கே. காலையில ஒரு தடவ, பொழுது சாய ஒரு தடவ, புங்கமரத்துக்கு இருவது அடி தள்ளி நிப்பா. நாய் அவளப் பார்த்து கொலைக்கும். ஒவ்வொரு கொலைப்புக்கும் ஒடம்பு தூக்கிப்போடும். ஆனாலும் அது தண்ணிச் சட்டியில வாய் வக்கற வரைக்கும் நவுர மாட்டா. உலகத்துலயே அவளுக்கு புடிக்காத மூஞ்சி அது. அந்த மூஞ்சி நல்லா இருக்கணும்னு மாரியாத்தாளுக்கு வேண்டிகிட்டா.

வூட்லயும் நிம்மதியில்ல. தன் எச்சி பட்டா கொழந்தைக்கு வந்துடுமோன்னு பயம். தட்டு தனி, சொம்பு தனி, பாயி தனி. ருக்மணி, "அம்மா தூக்கு, தூக்கு"ன்னு அழும். ஆஞ்சப்பன் தூக்கிகிட்டு வெளிய போயிடுவான். காலையில எழுந்ததும் சொம்புத் தண்ணிய கண்ண மூடிகிட்டு ஒரு வாய் முழுங்குவா. எறங்குதான்னு பாப்பா. எறங்கினா அன்னிக்கி பொழப்பு ஓடும்.

நாலா நாளு தொரை சோத்த தொடல. காவேரி அங்கயே மண்ணுல குந்திட்டா. கவுடரு பொண்டாட்டி சாந்தம்மா வந்து, "வெயிலுக்கு அப்டித்தான் கெடக்கும், சாயந்திரம் தின்னும் பாரு"ன்னா. பொழுது சாயற வரைக்கும் அவ எழுந்திரிக்கல. கடைசியா அது எழுந்து சோம்பல் முறிச்சி, சட்டிய நக்கி காலி பண்ணுச்சி. காவேரிக்கு அழுக வந்துச்சி.

ஏழா நாளு நிச்சயதார்த்தம். காலையில போனா வாசல்ல பந்தல், பின்கட்டுல சங்கிலி மட்டும் கெடக்குது.

"நாய் எங்க கவுடரே?"

"அத்துகிட்டு ஓடிடுச்சி."

காவேரி சங்கிலிய கையில எடுத்துப் பார்த்தா. ஒரு கண்ணி கூட அறுந்திருக்கல. கொக்கி பதனமா கழட்டியிருக்குது. அத கீழ வைக்கவே இல்ல அவ.

கவுடரு உள்ள போனதும் சாந்தம்மா அவ கையப் புடிச்சா. "கொலைச்சிகிட்டே கெடக்குது, வர்றவங்க கேப்பாங்கன்னு நேத்து நீ பார்த்துட்டு போனப்பறம் வண்டியில ஏத்தி அனுப்பிட்டாரு. எங்கண்ணன் ராமப்பன் ஊருக்கு. மைசூர் எல்லைக்கு அந்தாண்ட, மூணு மைலு."

"அக்கா, அங்க கடிச்ச நாய்ன்னு சொல்லி விட்டாரா?"

சாந்தம்மா தலைய குனிஞ்சிகிட்டா.

காவேரி வூட்டுக்கு போயி, எருமக் கன்னு பால் குடிக்காம இருக்க வாயில மாட்டற பிரம்புக் கூடைய எடுத்துகிட்டா. சங்கிலிய தோள்ல போட்டுகிட்டா. ஆஞ்சப்பன் கூட வந்தான். மூணு மைலும் ஓட்டமும் நடையுமா போனாங்க.

ராமப்பன் வூட்ல நாய பட்டுப்புழுவுக்கு மல்பெரி எல போட்டு வக்கற கல்லு ரூமுக்குள்ள அடச்சி வச்சிருந்தாங்க. நேத்து எறக்கும்போது சீறுச்சாம், வூட்ல இருந்தவங்க பயந்துகிட்டு கதவே தொறக்கலியாம். சோறில்ல, தண்ணியில்ல. உள்ள ஒரு சத்தமுங் காணோம்.

"செத்து கித்து போச்சா?"ன்னு ஆஞ்சப்பன் கேட்டான்.

"வாய மூடு."

கதவுல பலக விட்டுப்போன சந்து ஒண்ணு இருந்துச்சி. காவேரி அதுகிட்ட போயி நின்னா. கண்ண வக்க முடியல. எட்டு வயசுல வச்ச கண்ணு அது. அப்பன் கூப்டுவான்னு காது எதிர்பார்க்குது. அப்பறம் பல்ல கடிச்சிகிட்டு வச்சா. இருட்டு. மூலையில மேடா ஏதோ கெடக்குது, அசையல.

"தண்ணி குடுங்க"ன்னா. ராமப்பன் ஒரு சட்டியில குடுத்தாரு. கதவ நாலு வெரக்கட திறந்து சட்டிய உள்ள தள்ளி, மறுபடி சாத்தி, சந்துல கண்ண வச்சா. தண்ணி ஆடி அடங்குச்சி. மேடு அசையல. ராமப்பன் என்னமோ கேட்டாரு, அவ கைய காட்டி நிறுத்தினா. வேர்வ கண்ணுல எறங்குது, தொடைக்கல.

மூலையில கல்லு மேல நகம் சுரண்டுச்சி. தள்ளாடி எழுந்துச்சி தொரை. சட்டிகிட்ட வந்து மோந்து பார்த்துச்சி. மூஞ்சிய பின்னால இழுத்துச்சி. காவேரி உசுரு அங்கயே நின்னுபோச்சி. அப்பறம் சளப்பு சளப்புன்னு நக்குச்சி பாருங்க. சட்டி காலியாகற வரைக்கும் நக்குச்சி.

ராமப்பன் தங்கச்சி வூட்டுக்கு வந்து போயி நாய்க்கு பழக்கமானவரு. அவரே கூடைய அது வாயில மாட்டி, சங்கிலிய பூட்டினாரு. "கடிச்சதுன்னு சொல்லியிருந்தா நான் கொழந்தைங்க இருக்கற வூட்ல ஏன்மா சேத்திருப்பேன்"னு மச்சான திட்டினாரு. காவேரி சங்கிலிய புருசன்கிட்ட நீட்டினா. தடி புடிச்ச கை சங்கிலி புடிக்க மாட்டேன்னுச்சி. "நான் முன்னால போயி வழிய பாத்துக்கறேன்"னு ஆஞ்சப்பன் பத்து கெஜம் முன்னால போயிட்டான். அவன் லட்சணம் அவ்ளோதான்.

காவேரியே புடிச்சா. சங்கிலிய கையில ரெண்டு சுத்து சுத்தி, நாய் ஒரு மொழத்துக்கு மேல போவாம இழுத்துப் புடிச்சா. நாய் ஒரு எட்டு வச்சா அவ ஒரு எட்டு வச்சா. எதுருக்க ஆளு வந்தா, "ஓரமா போங்க, கடிக்கற நாயி"ன்னு கத்தினா. "ஒண்ணும் பண்ணாது"ன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒரு பொம்பள கொழந்தையோட வந்தப்ப, நாய வேலியோரமா நிறுத்தி, அவங்க தாண்டிப் போற வரைக்கும் காத்திருந்தா. மூணு மைலு. சங்கிலி உள்ளங்கைய அறுத்துது. பயத்துல ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. சங்கிலிய மட்டும் விடல.

ஊருக்குள்ள வரும்போது கவுடரு வாசல்ல சம்பந்திங்க எல மடக்கி எழுந்திரிச்சிகிட்டிருந்தாங்க. கவுடரு மூஞ்சி செத்துப்போச்சி. காவேரி யாரையும் பார்க்கல. நேரா பின்கட்டுக்கு போயி புங்கமரத்துல நாய கட்டினா. சம்பந்தியம்மா பின்னாலயே வந்து, கால்ல காயத்துக்கு போட்டிருந்த கட்டப் பார்த்து என்ன ஏதுன்னு கேட்டா. காவேரி எல்லாத்தையும் சொன்னா. அந்தம்மா கவுடர கூப்ட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "எங்க வூட்டுப் புள்ளைங்க இங்க வந்து போவாங்களே, அப்பவும் அவுத்துதான் விடுவீங்களா?"

பத்தா நாளு காலையில தொரை நல்லா தின்னுச்சி, தண்ணி குடிச்சிச்சி, காவேரியப் பார்த்து கொலைச்சிச்சி. சாந்தம்மா தொண்டுக்கட்டைய கொண்டாந்து புருசன் கையில குடுத்தா. அவரு குனிஞ்சி தொரை கழுத்துல கட்டினாரு. காவேரி முடிச்ச ஒரு தடவ இறுக்கிப் பார்க்கச் சொன்னா. இறுக்கினாரு.

வூட்டுக்கு வந்ததும் ருக்மணிய தூக்கி இடுப்புல வச்சிகிட்டா. அன்னிக்கி முழுக்க எறக்கவே இல்ல.

தொரை இன்னும் ஆறு வருசம் இருந்துச்சி. டொக்கு கேட்டா காவேரிக்கு மயிர்க்கூச்செடுக்கும், கேக்கலன்னா அதவிட மோசம். ருக்மணி கல்யாணம் ஆகி போயி பேரன் பேத்தி எடுத்தப்பறமும், காலையில மொத வாய்த் தண்ணிய கண்ண மூடிகிட்டுதான் முழுங்குவா. எறங்கினப்பறந்தான் கண்ண தொறப்பா.