சாரல் நேரத்து விசாரணை

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் படித்தது கேரளாவில் இருக்கும் புனலூரில். அப்பாவுக்கு அங்கே டீக்கடை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் நான்தான். அரசுக் கல்லூரியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கான இடமும் குறைந்த கட்டணமும் வேண்டுமென்றால், கேரளாவில் படித்தவன் நேட்டிவிட்டி சர்டிபிகேட் காட்டியாக வேண்டும். அதற்காகவே நானும் அம்மாவும் மேலகரத்தில் இருக்கும் எங்கள் சொந்த வீட்டுக்கு வந்து விண்ணப்பித்தோம். நேரில் வந்து விசாரிப்பதாகச் சொன்ன வி.ஏ.ஓ., என்றைக்கு என்று சொல்லவில்லை.

அதற்குள் சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்குப் போய்விடும். அம்மாவும் சிவகாசிக் குடும்பம் ஒன்றுக்கு வீட்டை விட்டுவிட்டு, கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைக்குப் பாயைத் தூக்கினாள்.

“எம்மா, விசாரிக்க வந்தா?”

“இந்தச் சாரல்ல எவம்லே வருவான்?”

மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ. வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய நின்ற சிவகாசிக்காரர்.

“இந்த வீட்டுப் பையன் எங்க?” என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

“பையனா? நாங்க குளிக்க வந்தவங்க சார். பின்னால ஒரு அம்மாவும் மகனும் தங்கியிருக்காங்க. கேரளாக்காரங்க போல. பையன் போன்ல மலையாளந்தான் பேசுறான்.”

கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் வாயில் நுரையோடு ஓடினேன். பதற்றத்தில் முதலில் வந்தது மலையாளம்தான்: “சாரே, ஒரு மினிட்டு!”

வி.ஏ.ஓ. என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொட்டகை வரைக்கும் நடந்தார். அங்கே விறகு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள் அம்மா.

“சொந்த வீட்ட வச்சுக்கிட்டு இங்கனயா கெடக்கீய?”

“சீசன்லா அண்ணாச்சி!”

அவர் முகம் இளகியது. “எங்க வீட்லயும் இதே கததான். நேத்து நான் மாட்டுத் தொழுவுல படுத்தேன்.”

எனக்கு உயிர் வந்தது. அது தங்குவதற்குள் அவரே கேட்டார்: “சனிக்கெழம எம்மச்சினன் குடும்பத்தோட வாரான். இந்த வீடு கெடைக்குமா?”

“சனிக்கெழமைக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன். திங்கக்கெழம வரச் சொல்லுங்க” என்றாள் அம்மா, அடுப்பைவிட்டுத் தலை நிமிராமல்.

ஒரு விறகுக் கட்டை எரியும் நேரமாவது அம்மா யோசித்திருக்கலாம். என் கல்லூரி ஐந்தருவித் தண்ணீரோடு போவதைக் கண்ணால் பார்த்தேன்.

வி.ஏ.ஓ. உரக்கச் சிரித்தார். “ஏலே, ஒங்கம்மய வேத்தூர்க்காரின்னு எவன் சொல்லுவான்? வேத்தூர்க்காரியா இருந்தா பயந்துபோயி சரின்னுருப்பா.” நின்ற இடத்திலேயே, நாங்கள் இந்த ஊர்க்காரர்கள்தான் என்று எழுதிக்கொண்டு போனார்.

சர்டிபிகேட் வந்த தகவல் போனில் வந்தபோது, நான் வி.ஏ.ஓ.வின் மச்சினன் குடும்பத்துக்கு வெந்நீர் சுமந்துகொண்டிருந்தேன். வாடகையில் அம்மா ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.